அரை அங்குலத் தகராறு: வீட்டுத் தரை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளுகிற மாசி, பங்குனியில்தான் நம் டெல்டா பக்கம் வீட்டு வேலை தொடங்கும். அதனாலோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகள் முக்கால்வாசி தரையைச் சுற்றியே இருக்கின்றன, அதிலும் ஒரு வகைத் தரை முடிந்து இன்னொரு வகை தொடங்குகிற இடத்தைப் பற்றி. நடுவில் என்ன நிறத்தில் பட்டை வைக்கலாம் என்றுதான் பலரும் கேட்கிறீர்கள். நிறத்தைக் கடைசியில் கடைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், இப்போது உயரத்தைப் பேசுவோம்.

கேள்வி: எங்களுடையது பழைய வீடு. ரேழி, கூடம் இரண்டிலும் தாத்தா காலத்துச் சிவப்பு சிமெண்ட் தரை, இன்றைக்கும் முகம் பார்க்கலாம். பின்கட்டை மட்டும் இடித்துவிட்டு இரண்டு ரூம் கட்டி, இரண்டுக்கு இரண்டு வெர்டிஃபைடு டைல்ஸ் போடப் போகிறோம். "கூடத்துக்கும் சேர்த்து டைல்ஸ் போட்டுவிட்டால் இந்த இணைப்புத் தொல்லையே இல்லை" என்கிறார் மாப்பிள்ளை. எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?
வாசகி, கும்பகோணம்

பதில்: மனசு வரவில்லை என்றால் போடாதீர்கள் அம்மா. காவிப் பொடியைச் சிமெண்டில் கலந்து பூசி, அது இறுகுவதற்குள் கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுகிற பொறுமையுள்ள கொத்தனாரை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தத் தரையின் மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டால் பிறகு அதை உரித்து எடுத்துப் பழைய தரையை மீட்பதும் நடக்காது. இன்னொன்று, மாப்பிள்ளை சொல்வதில் இணைப்பு ஒன்றும் ஒழிந்துவிடவில்லை, இடம்தான் மாறுகிறது. கூடத்தில் டைல்ஸ் ஏறினால் பசையோடு சேர்த்து அரை அங்குலம் உயரும். அப்போது ரேழிக்கும் கூடத்துக்கும் நடுவே படி விழும். ரேழியிலும் போட்டால் வாசலில் விழும். நடுவில் முற்றத்து ஓரக் கல் தாழ்ந்துபோகும், தூணின் அடிக்கல் பாதி புதையும், கதவுகளையெல்லாம் கழற்றி அடியில் சீவ வேண்டும்.

கூடத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதிய ரூம்களின் உயரத்தை அதற்குச் சரியாகக் கொண்டுவருவதுதான் வேலை. அதை டைல்ஸ் வந்து இறங்கிய அன்று ஆரம்பித்தால் கதை முடிந்தது. அடித்தளம் நிரப்பும்போதே ஆரம்பிக்க வேண்டும். கொத்தனாரிடம் டியூப் லெவல் இருக்கும், தண்ணீர் நிரப்பிய அந்தக் கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக் குழாய்தான், இன்றைக்கு லேசர் வந்துவிட்டாலும் குழாய் பொய் சொல்லாது. பின்கட்டுக்குப் போகிற நிலைக்காலுக்குப் பக்கத்தில், கூடத்துத் தரையிலிருந்து சரியாக மூன்றடி உயரத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோட்டைக் குழாய் வைத்துப் புதிய ரூம்களின் நாலு சுவருக்கும் கடத்துங்கள். டைல்ஸின் மேல்பரப்பு எல்லா இடத்திலும் அந்தக் கோட்டிலிருந்து மூன்றடி கீழே வந்தாக வேண்டும். இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் சுமார் 9 மில்லிமீட்டர் கனம், அதற்கடியில் கலவை ஒன்று, ஒன்றரை அங்குலம். ஆக, கான்கிரீட் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் தாழ்ந்து நிற்க வேண்டும். அந்தக் கான்கிரீட் அரை அங்குலம் ஏறிப் போனால் பிறகு கலவையில் கை வைப்பார்கள், அல்லது "ஒரு சின்னப் படிதானே அம்மா" என்பார்கள்.

இதில் பழைய வீட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கூடத்துத் தரை மட்டமாக இருக்காது. முற்றத்துப் பக்கம் வாட்டம் கொடுத்துத்தான் போட்டிருப்பார்கள். அதனால் ஒரே வாசலில் இடது நிலைக்காலின் அடியில் ஓர் அளவும் வலது நிலைக்காலின் அடியில் கால் அங்குலம் குறைந்த அளவும் வரலாம். இரண்டு பக்கமும் அளந்துவிட்டு நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்ச வித்தியாசத்தை நிலைக்கு நேரே வருகிற கிரானைட் பட்டை சாய்ந்து வாங்கிக்கொள்ளும்.

பட்டை சுவரின் அகலத்துக்கு, ஒன்பது அங்குலச் சுவர் என்றால் ஒன்பது அங்குலம். சிவப்புத் தரைக்குக் கறுப்பு கிரானைட் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம், பழைய வீடுகளில் கடப்பா கல்லை வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே காரணம்தான். டைல்ஸ் துண்டை மட்டும் அங்கே வைக்காதீர்கள். நிலையடி என்பது கட்டில், பீரோ எல்லாம் இழுபடுகிற இடம், டைல்ஸின் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும்.

சிவப்புத் தரையின் ஓரத்தை உளியால் கொத்த விடவே கூடாது. மேல்பூச்சு மெல்லியது, அதற்கடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும். ஒரு அடி தப்பினால் விரிசல் கூடத்துக்குள் ஒரு முழம் ஓடும். நேர்கோடு வரைந்து, கட்டிங் மிஷினில் வைரப் பிளேடு போட்டு அறுத்துவிட்டு, அறுத்த கோட்டுக்கு அந்தப் பக்கத்தை மட்டும் பெயர்க்க வேண்டும். வேலை முடிகிறவரை கூடத்தில் சாக்கும் அட்டையும் விரித்து வையுங்கள். கடைசியில் டைல்ஸ் கழுவ ஆசிட் கொண்டுவருவார்கள், அதைக் கூடத்துப் பக்கமே காட்டாதீர்கள். சிமெண்ட் தரையை ஆசிட் அரித்துவிடும், போன மெருகு திரும்பாது.

பட்டைக்கும் சிவப்புத் தரைக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சந்து விட்டு, அதில் நிறத்துக்கு ஏற்ற சிலிகோன் சீலண்ட் (ரப்பர் மாதிரி இழுபடுகிற அடைப்பு) அடியுங்கள். டைல்ஸ் சந்தை அடைக்கிற சிமெண்ட் கிரவுட் வேண்டாம். பழைய தரை இறங்க வேண்டிய மட்டும் இறங்கி உட்கார்ந்துவிட்டது, புதிய ரூம் இனிமேல்தான் உட்காரும். கெட்டியாக அடைத்தால் அந்த இடம்தான் முதலில் வெடிக்கும். உட்காருவதைக் குறைக்க ஒரு வழி: அஸ்திவாரம் தோண்டிய களிமண்ணையே திரும்ப உள்ளே கொட்டி மூடிவிடாமல், கிராவல் அல்லது மணல் நிரப்பி, அரை அடிக்கு அரை அடி தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கச் சொல்லுங்கள். களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். தட்டினால் தரைக்கு அடியில் வெற்றிடம் மாதிரி ஒலிக்கிற வீடுகளில் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

கேள்வி: இரண்டு தரையும் ஒரே உயரம்தான். நடுவில் பட்டை எதுவும் இல்லாமல் நேராக ஒட்டலாமா?
வாசகர், திருவையாறு

பதில்: இரண்டும் டைல்ஸ் என்றால், ஒரே கான்கிரீட்டின் மேல் இருந்தால், தாராளமாக. மூன்று மில்லிமீட்டர் சந்து விட்டு கிரவுட் போடுங்கள். ஆனால் எந்த இடத்தில் சேர்க்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கதவைச் சாத்தினால் பலகையின் நேர் கீழே கோடு வர வேண்டும். அது ஒரு அங்குலம் தள்ளிப் போனாலும் ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்கு ரூம் டைல்ஸ் ஒரு கீற்று தெரிந்துகொண்டே இருக்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, நிலையில் எந்தப் பள்ளத்தில் உட்காருகிறது என்று பார்த்த பிறகு கோடு போடச் சொல்லுங்கள். கதவே இல்லாத திறப்பு என்றால் சுவரின் ஓரத்தோடு நிறுத்துங்கள், நடுவில் நிறுத்தினால் எந்த ரூமுக்கும் சேராமல் நிற்கும்.

கேள்வி: அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, வாக்கர் வைத்து நடக்கிறார். அவர் ரூமில் மொசைக், வெளியே ஹாலில் புதிதாக டைல்ஸ். நடுவில் அரை அங்குல ஏற்றம், போன மாதம் அதில் தடுக்கி விழப் பார்த்தார். பாத்ரூம் வாசலிலும் ஒன்றரை அங்குலத் தடுப்பு இருக்கிறது. எடுத்துவிட்டால் தண்ணீர் ரூமுக்குள் வரும் என்கிறார்கள்.
வாசகர், மன்னார்குடி

பதில்: அரை அங்குலம்தான் ஆளை விழ வைக்கும் சார். ஆறு அங்குலப் படி கண்ணில் படுகிறது, காலைத் தூக்குகிறோம். அரை அங்குலம் கண்ணில் படுவதில்லை. அதனால் என் கணக்கு இதுதான்: இரண்டு தரை சேருகிற இடம் ஒன்று சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் படி என்று தெரிகிற மாதிரி படியாகவே இருக்க வேண்டும். கால் அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை சரிவில்லாமல் வெட்டென்று நிற்கிற ஏற்றம் எந்த வீட்டிலும் வேண்டாம், வயதானவர்கள் இல்லாத வீட்டிலும்தான், எல்லாருக்கும் வயதாகும்.

ரூம் வாசலுக்கு இடிக்க வேண்டாம். சாய்தளத்துக்குப் பொதுவாகச் சொல்லுகிற கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஒரு அங்குலம் ஏற ஓரடி நீளம். உங்கள் அரை அங்குலத்துக்கு ஆறு அங்குலம் போதும். மொசைக் பக்கத்தில் அந்த ஆறு அங்குலத்துக்குச் சாய்வாக இழைத்த கிரானைட் துண்டை வைத்து ஒட்டச் சொல்லுங்கள், மேல்பரப்பு பளபளப்பாக வேண்டாம், சொரசொரப்பாக இருக்கட்டும். ஆறு அங்குல அகலத்தில் அலுமினியம் அல்லது ரப்பர் சாய்வுப் பட்டை கிடைத்தால் அதுவும் சரி. வாக்கரின் முன்கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில் ஏறுகிற மாதிரி நிலையின் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும், நடுவில் மட்டும் ஒரு துண்டு வைப்பது இன்னும் ஆபத்து.

பாத்ரூம் தடுப்பு விஷயத்தில் உங்களுக்குச் சொன்னது பாதிதான் உண்மை. தண்ணீர் ரூமுக்குள் வருவதற்குக் காரணம் தடுப்பு இல்லாதது அல்ல, உள்ளே வாட்டம் சரியில்லாதது. வாசலிலிருந்து தண்ணீர் வெளியேறுகிற ஜாலியை நோக்கி எட்டடிக்கு ஒரு அங்குலமாவது இறங்கினால் தண்ணீர் ஏன் வாசலுக்கு வருகிறது? ஒரு குடம் தண்ணீரை வாசலோரம் ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். வாட்டம் சரியாக இருந்தால் தடுப்பை அறுத்து அரை அங்குலத்துக்குக் குறைத்து, இரண்டு பக்கமும் சரிவாக இழைத்துவிடலாம். வாட்டம் வாசல் பக்கம் இருந்தால் பாத்ரூம் தரையை மறுபடி போடாமல் வழியில்லை. அப்படிப் போடும்போது வாசலோரமாகவே குறுக்கே ஒரு நீள ஜாலி வைத்துவிட்டால் தடுப்பே தேவைப்படாது. குளிக்கிற இடத்தைக் கதவிலிருந்து தள்ளி உள்மூலைக்குக் கொண்டுபோங்கள், சுவரில் ஒரு பிடிக்கம்பியும் வையுங்கள்.

அப்புறம் நிறம், இங்கே மட்டும் நிறம் முக்கியம். ஏற்றம் இருக்கிற இடத்தில் பட்டை வேறு நிறத்தில் பளிச்சென்று தெரியட்டும். இப்படி வயதானவர்கள் இருக்கிற வீட்டில், தரை சமமாக இருக்கிற இடத்தில் கறுப்புப் பட்டை வைக்காதீர்கள். பார்வை மங்கியவர்களுக்கும் மறதி நோய் உள்ளவர்களுக்கும் அது பள்ளம் மாதிரி தெரிந்து, தாண்டப் போய்த் தடுமாறுவார்கள்.

கேள்வி: கீழ்த்தளப் படுக்கையறையில் மரத்தரை (லேமினேட்) போட்டோம், ஹாலில் டைல்ஸ். நடுவில் சந்தை மூட வைத்த பீடிங் பட்டை ஐப்பசி மழையில் தானாகத் தூக்கிக்கொண்டது. திரும்ப ஒட்டினேன், திரும்பத் தூக்கிவிட்டது. எந்தப் பசை நல்லது?
வாசகர், திருவாரூர்

பதில்: பசையை மாற்றாதீர்கள் தம்பி, பீடிங்கைக் கழற்றிவிட்டுக் கீழே பாருங்கள். பலகை டைல்ஸை முட்டிக்கொண்டிருக்கும். லேமினேட் பலகை தரையில் ஒட்டப்படுவதில்லை, நுரை விரிப்பின் மேல் மிதக்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் விரியும், கோடையில் சுருங்கும். அதற்காகச் சுவரோரமும் வாசலிலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் சந்து விட வேண்டும். உங்கள் ஆள் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று டைல்ஸோடு ஒட்டி முடித்திருப்பார். விரிந்த பலகைக்குப் போக இடமில்லை, மேலே கிளம்புகிறது, பீடிங்கையும் தூக்குகிறது.

வாசல் பக்கத்துப் பலகையை 10 மில்லிமீட்டர் அறுத்துவிடுங்கள். சந்தின் நடுவில், அடித்தரையில் மட்டும் பிடிக்கிற மாதிரி பீடிங்கின் கீழ்ப் பட்டையைத் திருகுங்கள், அதன் மேல் டி வடிவப் பீடிங் உட்காரும், இரண்டு இறக்கையும் இரண்டு தரையின் மேல் சும்மா படிந்திருக்கும். இறக்கைக்கு அடியில் பலகைப் பக்கம் ஒரு சொட்டுப் பசையும் போடக் கூடாது. இது இரண்டு தரையும் ஒரே உயரத்தில் இருந்தால். பலகை 8 மில்லிமீட்டர், விரிப்பு 2 என்றால் மொத்தம் 10தான் வரும், டைல்ஸ் அதைவிட உயர்ந்து நின்றால் ஒரு பக்கம் தாழ்ந்த பீடிங் தனியாக விற்கிறது, அதைக் கேளுங்கள்.

ஆனால் நம் ஊரில் கீழ்த்தளத்தில் மரத்தரை போட வேண்டுமா என்பது வேறு கேள்வி. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் நிலத்தடி ஈரம் தரைக்கே ஏறி வருகிற வீடுகள் இங்கே நிறைய. ஒரு மூலையில் இரண்டு பலகையைக் கழற்றி, வெறும் கான்கிரீட்டின் மேல் கனமான பாலிதீன் தாளைப் பரப்பி நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ அந்த ரூமுக்கு மரத்தரை ஆகாது. ஈரம் இருக்கிற இடத்துக்குக் கரையானும் வரும், பீடிங்கின் சந்துதான் அதற்கு ராஜபாட்டை. மர நிறத்திலேயே டைல்ஸ் வந்துவிட்டது, எனக்கு அது பிடிக்காது, ஆனாலும் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் போடுவேன்.

கேள்வி: பீடிங் பித்தளையா, அலுமினியமா, ஸ்டீலா?
வாசகி, நாகப்பட்டினம்

பதில்: கடற்கரை ஊர். சாதாரண அலுமினியம் உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாக அரிக்கும், ஈரச் சிமெண்ட் பட்டாலும் அரிக்கும், வாங்கினால் அனோடைஸ் செய்ததை (அரிக்காமல் காக்கிற படலம் ஏற்றியதை) வாங்கி, ஒட்டிய சிமெண்டை உடனே துடைத்துவிடுங்கள். பித்தளை கறுக்கும், ஆனால் கெட்டுப்போகாது, புளி போட்டுத் தேய்த்தால் விளக்கைப் போலவே பளிச்சிடும். பக்கத்தில் மார்பிளோ சிமெண்ட் தரையோ இருந்தால் புளித் தண்ணீர் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மொசைக் தரைகளில் கட்டம் பிரிக்கப் பித்தளைப் பட்டையும் கண்ணாடிப் பட்டையும் வைத்திருப்பார்கள், பல வீடுகளில் தரை தேய்ந்தும் பித்தளை நிற்கிறது. ஸ்டீல் என்றால் 316 ரகம் கேளுங்கள். 304 உங்கள் ஊரில் தேநீர்க் கறை மாதிரி பழுக்கும்.

கேள்வி: வீட்டை ஒட்டி மூன்று வருடத்துக்கு முன் ஒரு ரூம் சேர்த்துக் கட்டினோம். பழைய ஹாலும் புது ரூமும் சேருகிற இடத்தில் சித்திரை வைகாசியில் டைல்ஸ் நடுவே விரிசல் விடுகிறது, மழைக்காலத்தில் மூடிக்கொள்கிறது. கிரவுட் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது.
வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: உங்கள் வயலைப் பாருங்கள், பதில் அங்கே இருக்கிறது. தண்ணீர் கட்டியிருக்கும்போது சேறு, கோடையில் கால் நுழைகிற வெடிப்பு. அதே களிமண்தான் வீட்டுக்கு அடியிலும். பழைய வீட்டின் அஸ்திவாரம் ஓர் ஆழம், புது ரூமின் அஸ்திவாரம் வேறு ஆழம், இரண்டும் ஒரே மாதிரி அசையாது. அசையட்டும், அதற்கு இடம் கொடுங்கள்.

கிரவுட்டை முழுக்கச் சுரண்டி எடுங்கள். எந்த டைல்ஸாவது கோட்டைத் தாண்டி இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருந்தால் அது எப்படியும் உடையும், அதை நேர்கோட்டில் அறுத்துவிடுங்கள். சுவர் முதல் சுவர் வரை, சுவரடியில் ஒட்டுகிற ஸ்கர்ட்டிங் பட்டையிலும் சேர்த்து, 8 மில்லிமீட்டர் சந்து ஒரே கோடாகக் கிடைக்க வேண்டும். அதற்குள் நுரைக் கயிறு ஒன்றை அழுத்தி இறக்கிவிட்டு, மேலே பாலியூரித்தேன் சீலண்ட் அடியுங்கள். கயிறு இல்லாமல் அடித்தால் சீலண்ட் அடியிலும் ஒட்டிக்கொண்டு, இழுபடும்போது கிழியும். எப்போது அடிப்பது என்பதும் முக்கியம். விரிசல் அகலமாக இருக்கிற வைகாசியிலும் வேண்டாம், மூடியிருக்கிற கார்த்திகையிலும் வேண்டாம், தை, மாசியில் நடுத்தரமாக இருக்கும்போது அடித்தால் இரண்டு பக்கமும் ஈடுகொடுக்கும். மேலே பட்டை வைக்க ஆசைப்பட்டால் ஒரு பக்கத்துத் தரையில் மட்டும் பிடித்து, மறுபக்கம் சும்மா படிய விடுங்கள்.

கூரைத் தண்ணீர் அந்த மூலையில் கொட்டுகிறதா என்று பாருங்கள், கொட்டினால் குழாய் போட்டுத் தள்ளி விடுங்கள். சுவருக்கு நெருக்கமாக வேப்பமரம் நிற்கிறதா என்றும் பாருங்கள், கோடையில் அது மண்ணின் ஈரத்தை இழுக்கும். விரிசலுக்குக் குறுக்கே சுவரில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்துத் தேதி எழுதி, மாதம் ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். திறந்து மூடினால் பயமில்லை. ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டே போனாலோ, ஒரு பக்கத் தரை தாழ்ந்துகொண்டே போனாலோ, டைல்ஸ் ஆளை விட்டுவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அடுப்படியில் ஆத்தங்குடி டைல்ஸ், சாப்பிடுகிற இடத்தில் வெர்டிஃபைடு, நடு முற்றத்தில் கிரானைட் போடுகிறோம். மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. கொத்தனார் "பார்த்துக்கலாம்" என்கிறார்.
வாசகி, தஞ்சாவூர்

பதில்: "பார்த்துக்கலாம்" என்றால் பார்க்க மாட்டார் என்று அர்த்தம். மூன்றிலும் ஒவ்வொரு துண்டை எடுத்து மேசையில் அடுக்கி அவர் கண் முன்னால் அளங்கள். ஆத்தங்குடி கல் முக்கால் அங்குலம் அளவுக்கு இருக்கும், கிரானைட் 18 மில்லிமீட்டர் பக்கம், வெர்டிஃபைடு அதில் பாதி. மேல்மட்டம் ஒன்றாக வர வேண்டுமென்றால் வெர்டிஃபைடின் கீழ்த்தளம் ஒன்பது, பத்து மில்லிமீட்டர் கூடுதலாக ஏற வேண்டும். அதைக் கான்கிரீட்டிலேயே ஏற்றிவிட்டு மேலே டைல்ஸ் பசையில் ஒட்டச் சொல்லுங்கள். வெர்டிஃபைடு தண்ணீரை உறிஞ்சாது, வெறும் சிமெண்ட் பால் அதில் சரியாகப் பிடிக்காது.

வரிசையும் முக்கியம். ஆத்தங்குடியைக் கடைசியில் போடுங்கள். அது சிமெண்ட் கல், கறையைக் குடிக்கும். பக்கத்து டைல்ஸின் கிரவுட் நிறம் ஒரு ராத்திரி அதன் மேல் கிடந்தால் போகாது, ஓரமெல்லாம் டேப் ஒட்டிவிட்டுத்தான் கிரவுட் கலக்க வேண்டும். ஆசிட் இங்கேயும் கூடாது.

முற்றத்தைச் சமமாகக் கொண்டுவர நினைக்காதீர்கள். அது மழை இறங்குகிற இடம், ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கொட்டும் என்று உங்களுக்கே தெரியும். நாலு அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும், ஓரத்தில் சுற்றிலும் ஒரே கல்லாக கிரானைட் வைத்து, அதன் விளிம்பை அரைவட்டமாக உருட்டி, முற்றத்துப் பக்கம் லேசாகச் சரியட்டும். கல்லின் அடியில் விளிம்போரம் ஒரு கோடு பள்ளம் வெட்டினால் வழிகிற நீர் சுவரைத் தொடாமல் சொட்டிவிடும். முற்றத்துக்குள் போடுகிற கிரானைட் மெருகேற்றாததாக இருக்க வேண்டும், ஈரத்தில் மெருகு கிரானைட்டைப் போல வழுக்குவது வேறில்லை. முற்றத்துத் தண்ணீர் போகிற குழாயை நாலு அங்குலத்துக்குக் கீழே குறைக்க விடாதீர்கள், அதன் வாயில் கழற்றிச் சுத்தம் செய்கிற மாதிரி ஜாலி போடச் சொல்லுங்கள், தரை போடும் முன்பே ஒரு டிரம் தண்ணீரை ஊற்றி அது போகிற வேகத்தைப் பார்த்துவிடுங்கள்.